பூட்டக்காவின் பின்கதவு

விடுதிப் பெண்கள் அவளை நேரில் "அக்கா" என்பார்கள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் "பூட்டக்கா" என்பார்கள். மொட்டை மாடிக்கு ஒரு பூட்டு, வெந்நீர் சுவிட்சுக்கு ஒரு பூட்டு, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி, பின்படிக்கட்டின் இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

கட்டிடம் அவள் மாமனார் கட்டியது. மேல்மாடிகள் மூத்த மகனுக்கு, தரைத்தளம் இளையவனுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மூத்தவன்தான் அவள் கணவன். கல்யாணமான சில வருடங்களிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் ஆரம்பித்துவிட்டான்.

"இவ்வளவு பெரிய வீட்ட வச்சுக்கிட்டு தனியா என்ன அண்ணி பண்ணப் போறீங்க? எங்கிட்ட விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போங்க."

"நான் எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. 'வேலை பார்க்கும் பெண்கள் விடுதி' என்று வாசலில் பலகை மாட்டினாள்.

கொழுந்தனுக்குக் கீழே மெத்தை வியாபாரம். அவனுடைய சுமைக்காரர்கள் பீடி பிடிக்கப் பின்படிக்கட்டில் ஏறி வருவார்கள். ஒருநாள் ஒருவன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் கீழே போய்க் கத்தினாள். "பாத்தா என்ன, தேஞ்சா போயிடுவாங்க?" என்று கொழுந்தன் சிரித்தான். அதே வருடம் விடுதியில் இருந்த ஒரு பெண் அந்தப் படிக்கட்டு வழியாக இறங்கி, தான் விரும்பியவனோடு போய்விட்டாள். அவளைப் பெற்றவர் தெருவில் நின்று பூட்டக்காவைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. மறுநாள் கதவில் பூட்டு ஏறியது. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி வந்தது.

திறக்காத படிக்கட்டு எதற்கு என்று கொழுந்தன் அதன் அடியிலும் படிகளிலும் மெத்தைகளை அடுக்கத் தொடங்கினான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எதிரில் பார்த்தால் காறித் துப்பாத குறைதான்.

ஒருநாள் அவனுடைய லாரி பின்னோக்கி வரும்போது விடுதிப் பலகையை இடித்து நொறுக்கியது. கொழுந்தன் வெளியே வந்து பார்த்தான். "போர்டு ரொம்பதான் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்தச் சமயத்தில் நகரத்தில் எங்கோ ஒரு கிடங்கு எரிந்து, கட்டிடங்களை எல்லாம் சோதிக்கிறார்கள் என்று பேச்சு. அவள் நேரே தீயணைப்பு அலுவலகத்துக்குப் போனாள். கீழே மலைபோல் மெத்தை இருக்கிறது, ஒரு பொறி விழுந்தால் மேலே இருக்கிற பிள்ளைகள் கதி அதோகதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே புகார் கொடுத்தாள். ஆண்கள் யாரும் விடுதிக்குள் வரக்கூடாது என்பது அவள் சட்டம். அதனால் அதிகாரி எப்படியும் கீழேயே நின்றுவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

வந்த அதிகாரி ஒரு பெண்.

அந்த அம்மாள் முதலில் மெத்தைக் கடையைப் பார்த்தாள். விட்டத்தைத் தொடும் மெத்தைகள், நடுவில் தொங்கும் பல்பு, தோல் உரிந்த ஒயர். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் நின்ற பூட்டக்காவுக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது. பிறகு அதிகாரி நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"இந்தப் படி எங்க போகுது?"

"அது... மேல விடுதிக்கு. புகார் குடுத்ததே நான்தான் மேடம்."

"தெரியும். வாங்க, மேல போய்ப் பாக்கலாம்."

விடுமுறை நாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி பெண்கள் எல்லாரும் நடையில் வந்து நின்றார்கள். அதிகாரி இரும்புக் கதவைக் காட்டி, "திறங்க" என்றாள். பூட்டக்கா சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. எண்ணெய் விட்டுத் திருகினாள். ரெண்டு கையாலும் பிடித்து முறுக்கியதில் சாவி உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அவள் அந்தப் பூட்டை மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

கூட்டத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேல்மாடி அறையில் இருந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"முன்படியில புகை வந்தா நாங்க எந்தப் பக்கம் போறதுக்கா?"

"வரும்போது பாத்துக்கலாம். நீ உள்ள போ."

"நான் தீக்காய வார்டுல வேலை பாக்குறேன். பாத்துக்கலாம்னு சொன்னவங்க நெறையப் பேர அங்க பாத்துட்டேன்."

அதிகாரி இருவருக்கும் ஒரே உத்தரவு போட்டாள். படிக்கட்டில் ஒரு மெத்தைகூட இருக்கக் கூடாது. பின்கதவு உள்ளிருந்து தள்ளினால் சாவியில்லாமல் திறக்க வேண்டும். ஜன்னல் கம்பிகளும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். மாதக் கடைசி வரை தவணை.

தவணை ஓடியது, வேலை நடக்கவில்லை. "மொதல்ல அவன் மெத்தைய எடுக்கட்டும்" என்றாள் இவள். "பூட்டின கதவுக்கு நான் ஏன் வழி விடணும்? மொதல்ல அவங்க திறக்கட்டும்" என்றான் அவன். மாதக் கடைசியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கடை ஷட்டருக்கும் விடுதி வாசலுக்கும் சீல் விழுந்தது. பெண்கள் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். ஒருத்திகூட அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. கடைசியாக இறங்கிய நர்ஸ் மட்டும் நின்று, "எங்களப் பாதுகாக்கறேன்னு சொல்லித்தானே பூட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தெருவில் கொழுந்தன் நின்றிருந்தான். பல வருடங்களுக்குப் பிறகு பேசினான்.

"திருப்தியா அண்ணி?"

"நீ தெருவுல நிக்கிற பார், அதுல திருப்தி."

"நீங்களும் இங்கதான் நிக்கிறீங்க."

சீர்திருத்த வேலைக்கு மட்டும் உள்ளே போகலாம் என்று அனுமதி இருந்தது. விடுதியை விட்டால் அவளுக்குச் சோற்றுக்கு வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெல்டரைக் கூட்டிவந்தாள். அவன் கதவிடுக்கு வழியாகக் கீழே பார்த்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டான்.

"கீழ பூரா மெத்தைம்மா. இங்க வெட்டுனா பொறி அங்கதான் விழும். அத எடுக்காம நான் தொடமாட்டேன்."

கொழுந்தனைக் கேட்பதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சந்துக்குப் போனாள். ஒரு மெத்தையின் காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துச் சந்தில் போட்டாள். எலிப் புழுக்கை கொட்டியது. தூசி மூக்கில் ஏறித் தும்மித் தும்மி அடுத்ததை இழுக்கும்போது அவன் ஓடிவந்தான்.

"என் சரக்குல கை வைக்கிறதுக்கு நீங்க யாரு?"

"சும்மா நில்லு. இல்லன்னா வெல்டர வெட்டச் சொல்றேன், எல்லாம் சேந்து எரியட்டும்."

"சாக்கடையில படுது, தூக்குங்க! அந்த முனையத் தூக்குங்கன்னா!"

"நீ தூக்குடா. உன் மெத்தைதானே?"

அவன் மறுமுனையைப் பிடித்தான். சரக்கு பாழாகிறதே என்ற பதைப்பில்தான் பிடித்தான், வேறொன்றுக்கும் இல்லை. சாயங்காலம் வரை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து மெத்தை சுமந்தார்கள். மாமனார் உயிலில் தொடங்கி, கல்யாணத்தில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரை ஒவ்வொன்றையும் சொல்லித் திட்டிக்கொண்டே சுமந்தார்கள். சந்துக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசி மெத்தை வெளியே வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

வெல்டர் பூட்டை வெட்டி எறிந்தான், ஜன்னல் கம்பிகளைத் திறக்கிற மாதிரி மாற்றினான். குறுக்குக் கம்பியை அழுத்தினால் திறக்கும் புதுக் கதவு வந்தது. திறந்தால் மணி அடிக்கும்படி அவள் ஏற்பாடு செய்துகொண்டாள். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. கொழுந்தன் ஒயரை மாற்றினான், மெத்தைகளை ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் போட்டான். அதிகாரி வந்து, கதவைத் தானே தள்ளிக் கீழ்வரை இறங்கிப் பார்த்துவிட்டு சீலை எடுத்தாள்.

பழைய பெண்களில் சிலர் திரும்பினார்கள். நர்ஸ் வரவில்லை. அவளுடைய அறையைப் பற்றி யார் கேட்டாலும் பூட்டக்கா எரிந்து விழுந்தாள். வெகுநாள் அதை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

இப்போதும் இருவருக்கும் ஆகாது. அவன் வாகனம் வரும்வரை ஒரே ஒரு மெத்தையைப் படியோரம் சாய்த்து வைத்தாலும் அவள் தீயணைப்பு அலுவலகத்துக்குப் போன் போடுவாள். அவள் மழைக்காலத்தில் ஈரத்துணிக் கொடியைப் படிக்கட்டில் கட்டினால் அவன் போட்டோ எடுத்து அனுப்புவான். அந்தத் தெருவில் வேறெந்தக் கட்டிடத்துப் படிக்கட்டும் இவ்வளவு காலியாக இருப்பதில்லை.

போன வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எப்பவாவது பேசிக்குவீங்களா?" என்று சும்மா கேட்டாள்.

"அவன்கிட்டயா?" என்றாள் பூட்டக்கா. "அதுக்கு நீங்க இருக்கீங்களே மேடம்."