தட்டில் பிழைத்த செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். ஒல்லி உடம்பு, உரசினால் பற்றிக்கொள்ளும் குணம். பார்க்கின்சன் நோயில் மூளைச் செல்கள் ஏன் சாகின்றன என்று தேடுவதுதான் அவள் பிழைப்பு. நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த செல்களை மூளைச் செல்களாக மாற்றிக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பாள். உள்ளே புரதம் எப்படித் திரண்டு அவற்றைக் கொல்கிறது என்று கண் பூத்துப்போகும்வரை நுண்ணோக்கியில் பார்ப்பாள்.

அந்த வருடம் ஒரு வேதிப்பொருள் செல்களைச் சாகவிடாமல் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் குழுத் தலைவர் அவசரப்பட்டு நிருபரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். 'மூளைச் செல் சாவுக்கு முற்றுப்புள்ளி' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. நடந்ததெல்லாம் தட்டில்தான் என்று அதில் ஒரு வரி இல்லை.

சில நாளில் அக்கா ஃபோன் செய்தாள். அவள் கணவருக்கும் அதே நோய்.

"மாமா விழுந்துட்டாருடி. இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு."

"மாத்திரை போட்டுக்கிட்டு நல்லாத்தானேக்கா நடந்தாரு?"

"அத நிறுத்திட்டாரு. அதான் நீங்க புது மருந்து கண்டுபிடிச்சிட்டீங்களே."

ஃபோனை வைத்ததும் அவள் நேரே தலைவர் அறைக்குள் போனாள். அனுமதி கேட்கவில்லை.

"அந்தச் செய்தியத் திருத்தச் சொல்லுங்க சார். அத நம்பி எங்க மாமா மாத்திரைய நிறுத்திட்டு விழுந்து கெடக்காரு."

"தட்டுலன்னு நான் சொன்னேம்மா. அவங்க விட்டுட்டாங்க."

"விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுதானே அத ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்கீங்க?"

"உன் வீட்டுக் கதைய இங்க கொண்டு வராத."

"நான் இருக்கிற குடும்பத்துலயே ஏமாந்துட்டாங்க. கேக்க ஆளில்லாத வீட்டுல எத்தன பேரு மாத்திரையத் தூக்கிப் போட்டாங்களோ."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். செருப்பு விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரித் திருத்தம் வந்தது. மறுநாளே தலைவர் அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.

ஆறாத கோபத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமா அசைய முடியாமல் படுத்திருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா மாமா?"

"கேட்டா பொய்யின்னு சொல்லிடுவியேம்மா. அதான் கேக்கல" என்றார் அவர்.

பழைய மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். ஆனாலும் ஆள் துணையில்லாமல் அவர் நடக்கவே இல்லை. அவள் இப்போது வேறொரு ஆய்வுக்கூடத்தில் அதே செல்களைத்தான் வளர்க்கிறாள். பழைய தலைவருக்கு விருது என்று போன மாதம் யாரோ சொன்னபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினாள்.