கங்காணியாரின் இடுப்பு

இடுப்பு வலி என்று எந்தப் பெண் வந்து சொன்னாலும் நல்லமுத்து கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிடும். வாய்விட்டுச் சிரிக்கமாட்டார், கங்காணி அல்லவா, மீசைக்குள்ளேயே சிரித்துக்கொள்வார். சிரித்து முடித்து, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இடுப்புன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தானே செய்யும்? போ, போ, நிரையைப் பிடி" என்பார். நிரை என்றால் அவளவளுக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை வரிசை. இருபத்திரண்டு வருடமாக இதே பதில்தான். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இது மனப்பாடம். வேலாயி ஒரு தேயிலை மிலாறுக் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினால் மலையே சிரிக்கும்.

கெட்ட மனுசர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தராசில் கள்ளத்தனம் பண்ணாதவர். குளவி கொட்டி விழுந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் ஓடியவர். ஆனால் இடுப்பு விசயத்தில் மட்டும் அவருக்கு ஈரம் கிடையாது. போன மாதம் ராக்காயி வந்து, "கங்காணி, நாலு வருசமா இந்த வலி. ரோட்டோரத்துச் சமமான நிரையாப் பாத்துக் குடுங்களேன்" என்று கேட்டபோது, தாராளமாக ஏழாம் நம்பர் மலையின் உச்சி நிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். கேட்கிறவளுக்கெல்லாம் இறங்கிப்போனால் நாளைக்கு எல்லாருக்கும் இடுப்பு வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

அப்படிப்பட்ட மனுசரை வீழ்த்தியது ஒரு அட்டை.

மழைக்காலத்து அட்டைதான். காலில் ஏறிக்கொண்டதைத் தட்டிவிடக் குனிந்தார். தட்டியும் விட்டார். நிமிரத்தான் முடியவில்லை. முதுகின் அடியில் யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு வெட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார், நல்லவேளை, ஒருத்தியும் இல்லை. தடியை ஊன்றி, தேயிலைச் செடியைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நிமிர்ந்து, ஒன்றும் நடக்காதவர்போல மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஐந்து வாரம் நம்ம கங்காணியார் நடித்த நடிப்பு இருக்கிறதே, அடேயப்பா! காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்களைக் கூப்பிடும்போது சுவரில் சாய்ந்து நிற்பார். கேட்டால் யோசனையில் இருக்கிறாராம். கீழே விழுந்த பேனையை எடுக்கமாட்டார். யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை அதையே முறைத்துக்கொண்டு நிற்பார். வீட்டில் மனைவி சண்முகவடிவு தைலம் தேய்த்துவிடும்போது முனகக்கூட முடியாது. ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறைகள் ஒட்டிய லயமாயிற்றே! இந்தக் காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி அவிப்பார்கள். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் என்னங்க? வலிக்குதுன்னு சொன்னா மீசை உதுந்துருமா?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"நீ மெதுவாப் பேசு புள்ள!" என்றார் கங்காணி.

அப்போதுதான் மேர்வின் கண்டாக்கு, தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், பெரட்டில் ஒரு குண்டைப் போட்டார். மலை ஏற முடியாத கங்காணிமாரை மாற்றப்போகிறார்களாம். ஃபெக்டரியில் இராக்காவலுக்கு ஆள் தேவையாம். "அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, நானும் நீங்களும் ஏழாம் நம்பர் உச்சி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வருவோம், கங்காணி" என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எதற்கென்று நல்லமுத்துவுக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடம் அதே சிரிப்பைச் சிரித்தவர் அல்லவா அவர்!

மலைதான் அவருக்கு எல்லாம். விடியக்காலையில் அந்த உச்சியில் நின்று, கீழே பனிக்குள்ளிருந்து தன் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வருவதைப் பார்க்கிற சந்தோசத்துக்கு அவர் வேறு எதையும் ஈடு சொன்னதில்லை. அதை விட்டுவிட்டு ஃபெக்டரி வாசலில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பதா? 

அரசாங்கக் கச்சேரியில் ஒரு வேலை என்று ஊருக்குப் பொய் சொல்லிவிட்டு அந்த வெள்ளிக்கிழமையே நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு உயிர் போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து தருவார்கள், ஊசி போடுவார்கள் என்று நம்பிப் போனவரை, உடற்பயிற்சி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது பிரேமினி என்ற வலப்பனை ஊர்ப் பிள்ளை. குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், படுக்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்றும் கேட்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்லைங்க ஐயா. தசைதான் பிடிச்சிருக்கு. வலிக்குதுன்னு படுத்தே கிடந்தா இன்னும் இறுகிப்போகும். நல்லா நடங்க. அதோட இந்த மூணையும் செய்ங்க" என்று சொல்லி, ஆஸ்பத்திரி முத்திரையோடு படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்துச் செய்தும் காட்டினாள்.

மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். பிறகு மற்றக் கால். அடுத்தது, கால்களை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்கவேண்டும். மூன்றாவது, கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை மேலே வளைத்துக் கீழே விடவேண்டும். கங்காணி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்றாவதைச் செய்தார்.

"ஒவ்வொண்ணும் பத்துத் தடவை. காலையில ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா. வலி கூடினா உடனே நிறுத்தணும். நாலு வாரத்துல வித்தியாசம் தெரியும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போறதுல கஷ்டம் வந்தாலோ மட்டும் அன்னைக்கே ஓடி வந்துருங்க."

நாலு வாரமா! அவரிடம் இருந்ததோ ஒரு வாரம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கங்காணியாரின் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்கவேண்டும் என்று சொன்னால், கெட்டிக்காரி முப்பது எடுக்கிறாள். அவளை அவர் எல்லார் முன்னாலும் மெச்சுகிறார். அப்படியிருக்க, பத்து என்பது சோம்பேறிகளுக்குச் சொன்ன அளவுதானே? பத்தை நாற்பதாக்கினால் நாலு வாரம் ஒரு வாரமாகிவிடும். இந்தச் சின்னக் கணக்கு அந்தப் படித்த பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று அவளுக்காகப் பரிதாபமும் பட்டுக்கொண்டார்.

லயத்தில் வைத்துச் செய்தால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே பெரட்டு முடிந்ததும் குறுக்குப் பாதையில் ஆட்களுக்கு முன்னால் தடியை ஊன்றிப் பாதி மலை ஏறி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்த சமதரையில் ஒரு வெற்று உரச் சாக்கை விரித்து, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பத்து. இடுப்பு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அங்கேதான் வினை! ஞாயிற்றுக்கிழமை இருபது. திங்கட்கிழமை முப்பது. இடுப்பு லேசாக முணுமுணுத்தது. வேலைக்குக் கள்ளப்படுகிறவள் முணுமுணுப்பது அவருக்குப் புதுசா என்ன? அதட்டி அடக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நாற்பது என்று தொடங்கினார். முழங்கால் இழுப்பு முடிந்தது. இடுப்புத் தூக்கல் முடிந்தது. பூனைக்கு வந்து முப்பத்தேழு எண்ணியபோது உள்ளே எதுவோ இழுத்துப் பிடித்தது. அவ்வளவுதான். கையும் முழங்காலும் தரையில், முதுகு வானத்தில், தலை தொங்கிக்கொண்டு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூச்சு விட்டால்கூட வெட்டியது. முருகா முருகா என்று முணுமுணுத்தபடி அப்படியே நின்றார்.

உச்சி நிரைக்குப் போகிறவள் அந்தத் தாங்கியைத் தாண்டித்தான் போகவேண்டும். உச்சி நிரை யாருடையது? ராக்காயியுடையது.

"என்ன கங்காணி, எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"நானும் தேடவா?"

"போன்னு சொல்றேன்ல!"

"சரி, நீங்க எந்திரிங்க, போறேன்."

"எந்திரிக்க முடிஞ்சா எந்திரிக்கமாட்டேனா!" என்று கத்திவிட்டார். கத்தியதில் இன்னொரு வெட்டு வெட்ட, "ஐயோ, ஆத்தா!" என்று அலறினார். அந்த அலறல் மலை முழுக்கக் கேட்டிருக்கவேண்டும். தலையில் கயிறும் முதுகில் கொழுந்துச் சாக்குமாக ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வேலாயிக்கு வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை. பக்கத்தில் கிடந்த மிலாறை எடுத்தாள், கக்கத்தில் செருகினாள், மீசையைத் தடவினாள்.

"இடுப்புன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தானே செய்யும்?"

சிரிப்பென்றால் சிரிப்பு, ஒருத்தி சாக்கோடு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு காலில் நின்றபடி நல்லமுத்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"வாயை மூடுங்கடி! மனுசன் துடிக்கிறாரு, தெரியல?" என்று ராக்காயி அதட்டினாள். சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். "கங்காணி, மொதல்ல மூச்சை விடுங்க. பிடிச்சு வைக்காதீங்க. இப்ப மெதுவா, அப்படியே பக்கவாட்டுல சாயுங்க. நான் பிடிச்சிருக்கேன். காலை மடக்கிக்கோங்க. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கிடங்க. அப்புறம் கையை ஊனி எந்திரிக்கலாம்."

அவர் சாய்ந்தார். வெட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தினமும் பாயிலேருந்து இப்பிடித்தானே எந்திரிக்கிறேன்" என்றாள் ராக்காயி, சாதாரணமாக.

 அவர் வாய் திறப்பதற்குள் கீழ்ப் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மேர்வின் கண்டாக்கு! நல்லமுத்துவின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடப் போகவேண்டியதில்லை; இராக்காவல் இன்றைக்கே முடிவாகிவிடும். எழுந்திருக்கப் பார்த்தார். பாதிக்குமேல் முடியவில்லை.

கண்டாக்கு ஏறி வந்து பார்த்தார். உரச் சாக்கில் கங்காணி. சுற்றிவரப் பெண்கள். ஒருத்தி சாக்கிலும் கொழுந்து இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

சாக்கின் ஓரத்தில் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு ராக்காயிதான் முந்திக்கொண்டாள். "கங்காணி எங்களுக்கு இடுப்புக்குப் பயிற்சி சொல்லித் தர்றாருங்க ஐயா. ஆஸ்பத்திரியில போய்க் கேட்டு வந்திருக்காரு. இந்தாங்க, ஆஸ்பத்திரி முத்திரை போட்ட தாள்கூட இருக்கு."

அவள் கண்ணைக் காட்டியதும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எட்டுப் பேரும் வரிசையாகக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். வேலாயி மிலாறைத் தூக்கிப் பிடித்து, "ஒண்ணு! ரெண்டு!" என்று எண்ணவும் தொடங்கிவிட்டாள். கண்டாக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அப்பிடியா கங்காணி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். மலை மிஞ்சும், மானம் மிஞ்சும். நல்லமுத்து தலையை ஆட்டத்தான் போனார். ஆனால் கண் முன்னே ராக்காயி குனிந்துகொண்டிருந்தாள். அவருடைய பொய்க்காக, அந்த முதுகோடு, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டிருந்தாள்.

"நிறுத்து புள்ள" என்றார். கையை ஊன்றி, அவள் சொன்ன விதமாகவே எழுந்து உட்கார்ந்தார். "இல்லைங்க ஐயா. எனக்கு இடுப்பு வலி. ஆறு வாரமாச்சு. வெள்ளிக்கிழமை என்னால உச்சிக்கு ஏற முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "ராக்காயிக்கு நாலு வருசம். அவ சொன்னப்ப நான் சிரிச்சேன்."

வேலாயி மிலாறைக் கீழே போட்டாள்.  கண்டாக்கு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தாளை வாங்கி மூன்று படங்களையும் மெனக்கெட்டுப் பார்த்தார். தினமும் இந்தக் கல்லு ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மனுசர். அவருடைய ஒரு கை தானாகத் தன் முதுகுக்குப் பின்னால் போனது.

"ஒரு மாசம் ரோட்டோர மலையைப் பாருங்க. ஏழாம் நம்பரை சிவசாமி கங்காணி பாத்துக்கட்டும். அதுக்குப் பிறகு ஏறிப் பாப்போம். காவலுக்கா மலைக்கான்னு அப்ப முடிவு" என்றார். போகும்போது தாளைத் திருப்பித் தர மறந்துவிட்டார். அல்லது மறந்த மாதிரி போய்விட்டார்.

நல்லமுத்து உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.  ஒரு மாசத்துக்குப் பிறகு அங்கே நிற்பாரோ, ஃபெக்டரி வாசலில் நிற்பாரோ, கடவுளுக்கே வெளிச்சம். தடியை ஊன்றி எழுந்தார்.

"ராக்காயி, சாக்கை எடு. நீயும் ரோட்டோர நிரைக்கு வா."

"சரிங்க கங்காணி."

அவள் கயிற்றைத் தலையில் மாட்டப் போனாள். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். மீசையைத் தடவவில்லை, தடியையும் கக்கத்தில் இடுக்கவில்லை.

"எந்த இடத்துல வலிக்குது உனக்கு?" என்று கேட்டார்.

ராக்காயியின் கை முதுகுக்குப் பின்னால் போய்த் தடவியது. இங்கே என்றாள். பிறகு இல்லை, இங்கே என்றாள். கொஞ்சம் கீழே தொட்டு, "இதுவரைக்கும் யாரும் கேக்கல கங்காணி, அதான் சட்டுன்னு சொல்ல வரல" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா சொல்லு" என்றார் நல்லமுத்து. அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டார்.