ஆளில்லாமல் விடக்கூடாத தீவு

கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போகும்போது படகு பார்த்திருக்கிறேன். ஏறினதில்லை. நான் முதன்முதலில் ஏறிய படகு மலேசியாவில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. மாப்பிள்ளையின் மேனேஜர் தன் குடும்பத்தையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் வாடகைக்கு யாட் எடுத்திருந்தார். வெள்ளை வெளேரென்ற படகு. உள்ளே சோபா, கட்டில், ஏசி எல்லாம் இருந்தன. தனியார் தீவு, நம்மைத் தவிர ஈ காக்கை இருக்காது என்று மேனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏறியதும் மேனேஜர் மனைவி என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு வாந்தி வரும்மா, வச்சுக்கங்க."

நான் அதை மடித்து அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பாதி வழியில் வாந்தி எடுத்தது அவள்தான்.

தீவு சின்னது. மணல், தென்னை மரங்கள், ஓடு போட்ட ஒரு வீடு, படகு கட்ட ஒரு மரப்பாலம். பாலத்தில் நின்ற காவல்காரர் கயிற்றை வாங்கிக் கட்டினார். நாற்பது வயது இருக்கும். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கின. பெரியவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவ்வளவு அமைதியான இடத்தை நான் பார்த்ததில்லை. எனக்கென்னவோ அந்த அமைதி பிடிக்கவில்லை.

கால் கழுவ வீட்டின் பின்பக்கம் போனேன். குழாயடியில் அந்தக் காவல்காரர் நின்றார். போட்ட சட்டை, பேண்டோடு வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். சோப்பு இல்லை. துவட்டவும் இல்லை. அப்படியே சொட்டச் சொட்டப் பாலத்துப் பக்கம் நடந்தார்.

"பாருங்க, கடல்ல விழுந்துட்டான்போல" என்று மேனேஜர் மனைவி சிரித்தாள்.

கட்டிய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே காரணம்தான் உண்டு. பின்னாலேயே போனேன்.

"யாரு தம்பி தவறுனது?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தமிழும் தெரிந்து, கேள்வியும் அதுவாக இருந்தால் திடுக்கிடத்தானே செய்வார்கள்.

"ஒங்களுக்கு எந்த ஊருங்க ஆத்தா?"

"கந்தர்வக்கோட்டைப் பக்கம்."

"நான் விராலிமலைங்க." ஈரச் சட்டையால் முகத்தைத் துடைத்தார். "எங்க அப்பா. காலையிலதான் போன் வந்துச்சு."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். ஒரே மகன். ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் மத்தியானம் வரை பார்ப்பார்களாம். அதற்கு மேல் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்துவிடுவாராம். அன்று ராத்திரி விமானம் ஏறினால் விடியலில் திருச்சி. அங்கிருந்து விராலிமலை எவ்வளவு தூரம்? கரையில் இருக்கும் கூட்டாளி டிக்கெட்கூடப் போட்டுவிட்டான்.

"அப்ப எங்க யாட்டுல ஏறு, போ."

"தீவை ஆளில்லாம விடக் கூடாதுங்க ஆத்தா. மொதலாளி உத்தரவு. மாத்து ஆளு காலையில சரக்குப் படகுலதான் வருவான். அவன் வந்ததும் போகச் சொல்லிட்டாரு."

மாற்று ஆள் வந்தபிறகு போனால் சாம்பலைத்தான் பார்க்கலாம்.

நான் யாரிடமும் போய் நின்றவள் அல்ல. புருஷன் போனபிறகு முந்திரிக்காட்டை ஒற்றை ஆளாகக் காத்தவள். ஆனாலும் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"பாவந்தாம்மா. ஆனா அது அவங்க விஷயம். நாம எப்படித் தலையிடறது?" என்றார், கோழிக்காலைக் கீழே வைக்காமல்.

"மொதலாளிக்கு ஒரு போன் போடுங்க. பேசுனா காசா போகுது?"

மகள் என் முந்தானையை இழுத்தாள். "அம்மா, அவரு இவங்களுக்கு மேலதிகாரி. கொஞ்சம் சும்மா இரும்மா."

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாலத்து நுனிக்குப் போய்ப் போன் போட்டார். இங்கிலீஷில் பேசிவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"காலைவரைக்கும் யாராச்சும் ஒருத்தர் இங்க இருந்தா அவனை அனுப்புவாராம். நாம விருந்தாளிங்க. யாரு இருப்பா?"

யாட் ஓட்டுகிறவர் ஹார்ன் அடித்தார். தண்ணீர் வற்றுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் பாறையைத் தாண்ட முடியாது என்று கையைக் காட்டினார். எல்லோரும் துண்டு, பை, பிள்ளைகள் என்று அள்ளிக்கொண்டு ஏறினார்கள். நான் பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் இருக்கேன். அந்தத் தம்பியை ஏத்துங்க."

"ஒனக்கென்ன கிறுக்கா?" மகள் கத்தினாள். "ஒம் பிரஷர் மாத்திரை?"

"கைப்பையில இருக்கு."

"வயசானவங்களை விட்டுட்டுப் போனா போலீஸ் என்னைத்தாம்மா பிடிக்கும்" என்றார் மேனேஜர். "எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன்."

காவல்காரரே ஓடிவந்தார். "வேணாம் ஆத்தா. ஒங்களுக்கு எதுக்கு வம்பு? நான் காலையில போயிக்கிறேன்."

"நீ போயி வேற சட்டையைப் போடு."

இரண்டாவது ஹார்ன் அடித்தது. யாட்டுக்காரர் ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டார். மேனேஜர் என் கையைப் பிடித்துத் தூக்க வந்தார். தூக்கினால் தூக்கட்டும், தூக்கி எடுத்துக்கொண்டு போகட்டும், காலால் நடந்து ஏறமாட்டேன் என்று இருந்தேன்.

அப்போது மாப்பிள்ளை இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டோம். கல்யாணம் ஆனதிலிருந்து எங்களுக்கு நடுவில் மகள்தான் தபால்காரி. வாயில்லாப் பூச்சி என்று நானே மனதுக்குள் நினைத்தது உண்டு. அவர் பிள்ளையை மகள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அத்தைகூட நான் இருக்கேன். நீங்க கெளம்புங்க."

"நாளைக்கு மீட்டிங் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார். இருக்கட்டும்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏறிவிட்டார்.

காவல்காரர் ஓடிப்போய்ச் சட்டை மாற்றி, பாஸ்போர்ட்டை ஒரு கவரில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜெனரேட்டர் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. சாவுக்குப் போகிறவர் சொல்லக் கூடாது, நானும் எதிர்பார்க்கவில்லை. யாட்டில் ஒரு மூலையில் தரையில் குந்தினார். மகள் அவரை எழுப்பிச் சோபாவில் உட்காரவைத்தது தூரத்திலிருந்து தெரிந்தது.

அதற்கப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. பாறையில் தட்டினால்? கரையில் ரோடு அடைத்துக்கொண்டால்? பாலத்தின் நுனியில் மட்டும்தான் போனில் சிக்னல் வந்தது. இருட்டுகிற நேரத்தில் மகள் பேசினாள். கரை சேர்ந்து டாக்சியில் ஏற்றிவிட்டார்களாம். விமானத்தைப் பிடித்தாரா என்று தெரியாதாம். அதன்பிறகு தகவல் இல்லை. மாப்பிள்ளை மிச்சமிருந்த பிரியாணியை இரண்டாகப் பிரித்து, "நீங்க சாப்பிடுங்க அத்தை" என்றார். எனக்கு இறங்கவில்லை.

காலையில் சரக்குப் படகு மாற்று ஆளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டது. ஐஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். ஊரில் இந்நேரம் விடிந்து வெயில் வந்திருக்கும். திருச்சியில் இறங்கியிருந்தால் பேசியிருப்பாரே என்ற நினைப்பு என்னைப் பிய்த்தது.

கரையில் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆத்தா." விராலிமலைக்காரரின் குரல்தான். பின்னால் மேளச் சத்தம், பொம்பளைகள் அழுகிற சத்தம். "இன்னும் எடுக்கலை ஆத்தா. இப்பத்தான் பாடைத்தேர் கட்டுறாங்க."

"சரிய்யா. நீ போயி ஆகவேண்டியதைப் பாரு."

அவர் போனை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. கரை வரும்வரை அந்த மேளத்தைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை போனைத் திருப்பிக் கேட்கவில்லை.