பதினேழாம் பக்கத்து வாத்து

கதைப் புத்தகத்தை வாடகைக்கு விடுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: கதை பிடித்தவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார், ஏமாந்தவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

பாடாங் செராயில், பஸ் ஓடுகிற பெரிய சடக்கு ஓரத்தில், சைக்கிள் கடைக்கும் சீனர் மளிகைக் கடைக்கும் நடுவே இருந்தது என் கடை. முன்னால் புத்தகம், பின்னால் வீடு. வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்தான். அப்பா தவறிப்போன பிறகு, எழுபதுகளின் பின்பாதியில், அவர் சேர்த்து வைத்திருந்த நாவல்களை அலமாரியில் அடுக்கி ஆரம்பித்தேன். எனக்குப் பிலோமினா என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டது எல்லாரும் 'லைப்ரரி அக்கா' என்றுதான்.

புதுப் புத்தகம் மாதம் ஒரு தடவை பினாங்கிலிருந்து கட்டாக வரும். இரண்டே வகைதான் ஓடும். ஒன்று காதல், இன்னொன்று பேய். பேயும் காதலும் ஒரே புத்தகத்தில் இருந்தால் அந்த மாதம் எனக்குத் தீபாவளி. கட்டைப் பிரிக்காமல் மேல் அட்டையை மட்டும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அட்டையை நம்பி நாசமாய்ப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் உட்காருகிறேன்.

சொத்துப் பேய்

பள்ளியில் படிவம் நான்கு படிக்கிற ஒரு பெண் வருவாள். பக்கத்து ரப்பர் தோட்டம். பேய்க்கதை தவிர வேறு எதையும் தொடமாட்டாள். ஒரு தடவை அட்டையில் பாழடைந்த பங்களா, ஜன்னலில் வெள்ளைப் புடவை, கீழே மயங்கிக் கிடக்கிற ஓர் இளைஞன், இப்படி ஒன்று வந்தது. அவளுக்கென்றே எடுத்து ஒளித்து வைத்தேன். காய்கறி வாங்கப் போகிற பசார் பையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

மறுநாளே திரும்பி வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. நூற்றெழுபது பக்கம் அலறவிட்டு, கடைசி நாலு பக்கத்தில் பேயின் முக்காட்டை இழுத்தால் உள்ளே சித்தப்பாவாம். சொத்துக்காகப் புடவை கட்டிக்கொண்டு மாடியில் நடந்தாராம். நான் ஏதோ என் சொந்தச் சித்தப்பா செய்த மாதிரி மன்னிப்புக் கேட்டேன். அவள் சமாதானம் ஆகவில்லை.

"எங்க தோட்டத்து லயத்துக் கிணத்தடியிலேயே இதைவிட நல்ல பேய் இருக்கு அக்கா. அது யாரோட சித்தப்பாவும் இல்ல."

அம்மா பார்த்த பெண்

காதல் நாவலை ஆண்பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மர ஆலையில் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி, அட்டைக்கு மேல் நாளிதழைச் சுற்றித்தான் எடுத்துப் போவார். யாராவது கடைக்குள் வந்தால் உடனே அலமாரியின் மேல்தட்டைப் பார்ப்பார். மேல்தட்டில் வேதாகமக் கதைகள்தான் இருந்தன.

ஒரு நாள் நாவலை மேசைமேல் பொத்தென்று போட்டார். கதாநாயகன் காதலிக்காக மலையேறுகிறானாம், மழையில் நனைகிறானாம், ரத்தத்தில் கடிதம் எழுதுகிறானாம். கடைசியில் அம்மா மயக்கம் போட்டு விழவும், அம்மா பார்த்த பெண்ணையே கட்டிக்கொள்கிறானாம். அது தியாகமாம். போன மாதம் எடுத்ததிலும் இதே முடிவுதானே தம்பி, அப்போது ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நானும் அம்மா பார்த்த பொண்ணைத்தான் கட்டப் போறேன் அக்கா. அதுக்கு எதுக்கு நான் இருநூறு பக்கம் படிக்கணும்?"

பேயின் பூர்வீகம்

இது சின்னது. மகள் படிப்பதற்கு முன்னால் தான் படித்துப் பார்க்கிற ஓர் அம்மா இருந்தார். செத்துப்போன வாலிபன் ஒருவன் ஆவியாக வந்து கல்லூரிப் பெண்ணைக் காதலிக்கிற கதையைக் கொண்டுபோனார். ஆவியோடு காதலா என்று என்னைத் திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவருடைய மனத்தாங்கல் வேறு.

"எல்லாம் சரி. அந்த ஆவி என்ன ஜாதின்னு கடைசி வரைக்கும் எழுதவே இல்லையே?"

பதினேழாம் பக்கம்

நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடகைப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் உள்ளே ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். அட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாதல்லவா? சிலுவை, வேல், நட்சத்திரம், மீன் என்று ஆளுக்கு ஒன்று. கண்ட பக்கத்தில் கிறுக்குகிறார்களே என்று நான்தான் சட்டம் போட்டேன்: பென்சிலில் மட்டும், பதினேழாம் பக்கத்தின் அடியில் மட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், ஊரில் யார் யார் ஏமாந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தோட்டங்களுக்கு நான் போவதில்லை. பாடாங் மேஹா பக்கம் இருக்கிற ஒரு தோட்டத்துக்கு, மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிற பாய் வாரம் நாலு புத்தகம் கொண்டுபோய், பழைய நாலைத் திருப்பிக் கொண்டுவருவார். அந்தக் கட்டில் வருகிற புத்தகங்களில் எல்லாம் ஒரே அடையாளம்தான். ஒரு குட்டி வாத்து. வாத்துக்குக் கீழே ஒரு வரி. மற்றவர்கள் யாரும் அப்படி எழுதியதில்லை.

முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது. 'பேய்க்குப் புத்தி போதாது.' அடுத்த வாரம், 'கதாநாயகி பக்கத்துக்கு மூன்று தடவை அழுகிறாள், சோறு எப்போது ஆக்குவாள்?' கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அடுத்த கட்டில் போகிற புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் நானும் எழுதினேன்: 'இவள் மொத்தமே ஐந்து தடவைதான் அழுகிறாள். எண்ணிப் பார்த்துவிட்டேன்.'

அது அப்படியே ஒரு வருஷம் ஓடியது. வாத்து திட்டும், நான் பதில் சொல்லுவேன், புத்தகம் ஊருக்குள் போவதற்கு முன்னால் ரப்பர் வைத்து அழித்துவிடுவேன். வாத்துக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு கதை கிடைக்காதா என்று பினாங்குக் கட்டுகளைப் புரட்டினேன். ஒன்றும் தேறவில்லை. எழுத்து நிமிர்ந்து, வரிசையாக, அழகாக இருக்கும். தோட்டத்துப் பள்ளி வாத்தியாராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாணம் ஆகாதவர் என்றும் முடிவு செய்துகொண்டேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமை ரொட்டி மோட்டார் சத்தம் கேட்டால் தலையைக் கோதிக்கொள்வேன். அதைப் பாய் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"ரொட்டிதான் தங்கச்சி கொண்டாந்திருக்கேன், மாப்பிள்ளை இல்ல."

காப்பி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். மாதா கோயிலில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசினார்கள். என்னிடம் வந்தவர்கள் புதுப் புத்தகம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு ஆள் சோற்றை ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கட்டை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். என்ன நினைப்பில் எழுதினேனோ தெரியாது.

'இந்த வாரம் கடைக்கு ஆறு பேர் வந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நீங்கள் ஒரு நாள் வந்தால் காப்பி போட்டுத் தருவேன்.'

புத்தகம் போனது. திரும்பியும் வந்தது. வாத்து இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த வாரமும் வெறும் வாத்து. மூன்றாவது வாரமும் அப்படியே. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். என் வரியை அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது. ஒரு வரி எழுதி, ஒரு வருஷப் பேச்சைக் கெடுத்துக்கொண்டேனே. அலமாரியில் ஐந்நூறு புத்தகம் இருந்தும், வாசிக்க எனக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது, அதுவும் இப்போது வராது.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பாயிடம் கேட்டேன். அந்தத் தோட்டத்தில் என் புத்தகத்தைப் படிக்கிறவர் யார், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. புத்தகக் கட்டை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை வாசலில் வைப்பதோடு தன் வேலை முடிந்தது என்றார் பாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலை இறக்கினார்.

"நீயே வந்து பாரேன் தங்கச்சி. மோட்டார்ல எடம் இருக்குலா, ரொட்டிதான் கொஞ்சம் நசுங்கும்."

ஆயாக் கொட்டகை

பஸ்ஸில்தான் போனேன். ஊர் வாய்க்கு நான் தீனி போட முடியாது. ஊதா நிறச் சேலை, அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். சடக்கில் இறங்கி ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே அரை மைல் நடந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துப்போகப் பெண்கள் கொட்டகைக்கு வருகிற நேரம்.

உள்ளே யாரோ சத்தமாக வாசிக்கிற குரல் கேட்டது. என் புத்தகம்தான். வாசல் பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தேன். தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. பால் வெட்டுகிற உடுப்போடு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரை படித்தவளாம், சரோஜா என்று ஒருத்தி நடுவில் உட்கார்ந்து வாசித்தாள். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மடியில் வைத்தாள். ஒவ்வொருத்தியாகத் திட்டினார்கள். கதாநாயகனுக்கு முதுகெலும்பு இல்லை என்றாள் ஒருத்தி. முதுகெலும்பு இருந்தால் கதை பத்துப் பக்கத்தில் முடிந்துவிடுமே என்றாள் இன்னொருத்தி. அதுதான் நன்றாக இருக்கிறது, அதையே எழுது என்றார் ஆயா. சரோஜா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

எண்ணினேன். பதினொரு பேர். வாத்தியார் யாரும் இல்லை.

திரும்பி நடந்திருப்பேன். அதற்குள் ஆயா பார்த்துவிட்டு, யாரம்மா என்றார். பாடாங் செராய் புத்தகக் கடை என்றேன்.  எல்லாரும் எழுந்தார்கள். சரோஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் எழுதினதை எல்லாம் அவள்தான் வாரா வாரம் வாசித்துக் காட்டுவாளாம். காப்பி வரியையும்தான். காது வரைக்கும் எனக்குச் சுட்டது. என் தனிமையை ஒரு கொட்டகை முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறது. பிறகு ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டேன்.

ஆயாதான் சொன்னார். நான் கூப்பிட்டது ஒரு ஆளை. யார் போவது என்று மூன்று வாரமாகச் சண்டை. நான்தான், நான்தான் என்று ஒருத்தியும் விட்டுக் கொடுக்கவில்லை. பதினொரு பேரும் வருகிறோம் என்று எழுதினால் நான் பயந்துவிடுவேனாம். இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லையாம்.

அடுப்பில் தண்ணீர் வைத்தார்கள். தகரக் குவளையில் காப்பி கொடுத்தார்கள். பதினொரு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், துடைத்துவிட்டு மறுபடி மறுபடி அழுதேன். கதாநாயகி மாதிரி இது மூன்றாவது தடவை என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள், சிரித்துவிட்டேன். ஐந்து மணி பஸ் வரைக்கும் இருந்தேன். அந்த வாத்தியாரை மட்டும் கொட்டகையில் எங்கும் காணோம், பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். கடையைத் திறந்து, ரேடியோவைப் போட்டு, ஒரு ஆள் சோற்றுக்கு அரிசி களைந்தேன்.

ஆனால் பஸ் நிற்கிற இடம் வரை கூடவே நடந்து வந்த சரோஜா, நான் ஏறும்போது சொன்னாள்:

"கதையெல்லாம் சுமார்தான் அக்கா. நாங்க பதினேழாம் பக்கத்துக்காகத்தான் எடுக்கிறோம்."

என் கடையில் இருந்த காதல் கதைகளிலேயே காதலன் கடைசிவரை வராத ஒரே கதை என்னுடையதுதான், அதைத்தான் பதினொரு பேர் ஒரு வாரமும் விடாமல் கேட்டார்கள்.