மெஷினில் கட்டிய துணி

சோலோமா ஊர்ச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் டெல்மி. தொழிலாளர் உரிமை பற்றி எல்லார் கைபேசியிலும் ஓடிய கார்ட்டூனை வரைந்தது அவள்தான் என்பது தோழி நோல்வியாவுக்கு மட்டும் தெரியும். முப்பது பேர் கையெழுத்திட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், சங்கம் அமைப்பவர்களை வேலையைவிட்டுத் தூக்க முடியாது என்று அதில் ஒரு தையல்காரி சொல்வாள். டெல்மியிடம் இருபத்தொன்பது கையெழுத்துதான் சேர்ந்திருந்தது.

மதியம் பலேயாதா ரொட்டி தின்றபடி அந்தக் கார்ட்டூனைப் பார்த்த நோல்வியாவுக்குப் புரையேறியது.

"அடிப்பாவி, எண்ணெய் சொட்டாம இருக்க மெஷின்ல துணி கட்டுவியே, அதையுமா வரைவ? இங்க அப்படிக் கட்டுறவ நீ ஒருத்திதானேடி!"

டெல்மி ஓடிப்போய்த் துணியை அவிழ்த்தாள். அரை மணியில் வெள்ளைக் காலரில் எண்ணெய் சொட்டியது. மேற்பார்வையாளர் தோன் ரெய்னியெரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏழு வருஷமா கட்டுற துணி, இன்னிக்கு மட்டும் எங்கம்மா போச்சு?"

அவர் கைபேசியில் அந்தக் கார்ட்டூனை எடுத்துப் பார்த்தபடியே மேனேஜர் அறைக்குள் போனார்.

"நீ இன்னும் கையெழுத்துப் போடலையேடி," என்றாள் டெல்மி நோல்வியாவிடம்.

"என் புருஷன் கத்துவான்னுதான் பார்த்தேன். கத்தட்டும், பேப்பரைக் குடு. வயித்துவலின்னு சொல்லிட்டு நானே தொழிலாளர் ஆபீஸ்ல குடுத்துர்றேன்."

நோல்வியா வாசலைத் தாண்டும்வரை டெல்மி மேனேஜர் அறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.