வௌவால் குடை

கைத்தொழில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதாவதொரு உயிரினத்தைக் கவனித்து, அதன் உடல் வேலை செய்கிற விதத்திலிருந்து வீட்டுப் பாவனைக்கு ஒரு பொருளைச் செய்ய வேண்டும். அதுதான் இறுதி வருட வேலை. கூடப் படித்தவர்கள் ஆமை, நத்தை என்று வம்பில்லாதவற்றை எடுத்தார்கள். எனக்குத்தான் கொழுப்பு. வௌவாலை எடுத்தேன். அதன் இறக்கை மடிவதுபோல மடியும் குடை ஒன்று செய்ய ஆசை.

கொழும்பு வானத்தில் புலிகள் இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்துபோன காலம் அது. பொரளையில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழே நின்று மூன்று வாரம் படம் கீறினேன். ஒவ்வொரு இறக்கைக்கும் நீளம், கோணம், மூட்டு எல்லாவற்றையும் தமிழில் குறித்தேன். அவசரத்தில் எனக்குத் தமிழ்தான் வரும். ஒரு தமிழ்ப் பெடியனின் கொப்பியில் பக்கம் பக்கமாக இறக்கைகள், அதுவும் அளவுகளோடு. பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அம்மாவுக்கு உறைத்தது.

ஒரு பின்னேரம் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குத் திரும்பியபோது அம்மா குளியலறையில் குந்தியிருந்தார். வாளித் தண்ணீரில், கொப்பியிலிருந்து கிழித்த என் இறக்கைகள் அத்தனையும் கூழாகிக்கொண்டிருந்தன. அடுத்த ஒழுங்கையில் ஆமி வீடு வீடாகச் செக்கிங் நடத்தியதாம். கொப்பியை ஒப்படைக்க நான்கு நாள்தான் இருந்தது. வரைபடம் இல்லாவிட்டால் குடைக்குப் புள்ளி இல்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். இன்றைக்கும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அம்மா திருப்பிக் கத்தவில்லை. "கொப்பியைத் திரும்பக் கீறலாம், தம்பி. உன்னைக் கொண்டுபோனா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்றார்.

மறுநாள் விடியவே கதவைத் தட்டினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கட்டிலுக்குக் கீழே, எல்லாம் பார்த்தார்கள். ஒரு சிப்பாய் கொப்பியை எடுத்துப் புரட்டினான். வௌவாலுக்கு முன்னால் கீறிப் பார்த்த நண்டு, மீன்கொத்தி. பிறகு நடுவில் நின்றான். கிழித்த தாள்களின் அடியை விரலால் தடவி, இந்தப் பக்கங்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. பயத்தில் வாளியில் ஊறப்போட்டோம் என்றா சொல்வது? அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வவுலா" என்றேன். வௌவால். அதைத் தவிர வேறொரு சிங்களச் சொல்லும் வாயில் வரவில்லை. மூலையில் கிடந்த அரைகுறைக் குடையை எடுத்து விரித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. பேனையை நீட்டி, கீறு என்றான்.

கொப்பியைச் சுவரில் வைத்துக் கீறினேன். தோள், முழங்கை, நீண்ட விரல்கள், அவற்றுக்கு நடுவே தோல். அவன் படத்தையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கொப்பியைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மிச்சமிருந்த நாட்களில் மற்ற இறக்கைகளைத் திரும்பக் கீறினேன். குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினேன். சிப்பாய்க்குக் கீறிக் காட்டிய பக்கத்தை மட்டும் மாற்றவில்லை.

விரிவுரையாளர் புரட்டிக்கொண்டே வந்து அதில் நின்றார். மற்றதெல்லாம் சுத்தமாக இருக்க, இதில் மட்டும் கோடு ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டார்.

"அண்டைக்கு வௌவால் பயந்துபோயிருந்தது, சேர்" என்றேன்.