இரண்டு பேருக்கு விலை இறங்கவே இல்லை

ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நகலெடுக்கக் கொடுத்த காகிதத்தைப் படித்துவிடுவாள். வேண்டுமென்று படிப்பதில்லை, கண் தானாகப் போய்விடுகிறது என்பாள். போன கண் சும்மா திரும்பி வராது என்பதுதான் தொல்லை. வாடகை ஒப்பந்தத்தோடு வந்த ஒருவரிடம், "மாடிப்படிக்குக் கீழ இருக்கிற இடம் யாருக்குன்னு இதுல எழுதவே இல்லையே சார்?" என்று கேட்டு, அவரை மறுபடியும் வீட்டுக்காரரிடம் ஓடவிட்டிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பேரு எங்கங்க?" என்று கேட்டதும் அவள்தான். நல்லவேளை, அது அச்சாவதற்கு முன்னால் நடந்தது.

கடை, பல் மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி இருக்கும். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல். மெஷின்கள் இரண்டும் ஓடினால் உள்ளே வெந்து போகும். அதற்குள் ஒரு ஆள்தான் திரும்ப முடியும், அவளும் பக்கவாட்டில்தான் திரும்புவாள். தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை ஜெராக்ஸ் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

ஒருநாள் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இருவர் விமான டிக்கெட்டை அச்செடுக்க வந்தார்கள். ஒரே விமானம், ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அக்காவின் கண் கீழே கட்டணம் போட்ட இடத்துக்குப் போனது. ஒருவர் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை மற்றவர் கொடுத்திருந்தார்.

"ஏன் சார், உங்களுக்கு மட்டும் சாப்பாடு ஏதும் தனியா போடுறாங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் காகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதிகம் கொடுத்தவரின் முகம் சுருங்கிப் போனது. கடையை விட்டு இறங்கும்போது இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினால் எல்லாருக்கும் ஒரே டிக்கெட். சினிமாவில் முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை, அதுவும் புரிகிறது. ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் இறங்குகிற வண்டிக்குள், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு இரண்டு விலை என்றால், அது எந்த ஊர் நியாயம்?

சும்மா தெரிந்துகொள்ள மட்டும் அவள் இப்படித் தவிக்கவில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் அவளுடைய தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், முதல் தடவையாக உண்டாகியிருந்தாள். சின்னவளின் கணவர் கப்பலில் இன்ஜினியர். பிரசவத் தேதியில் அவர் ஏதோ ஒரு கடலின் நடுவில் இருப்பார், இறங்கி வர முடியாது. அம்மா சின்னவளின் பள்ளிக்கூட நாட்களிலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து தலைவாரிவிட்டதும் அதட்டியதும் காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்ததும் அக்காதான்.

"நீ வரணும்க்கா. எனக்கு நீ பக்கத்துல இருந்தா போதும், வேற யாரும் வேண்டாம்" என்று சின்னவள் ஃபோனில் சொன்னாள். அக்கா உடனே சரி என்றாள். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, விசாவும் வந்தாயிற்று. டிக்கெட் மட்டும்தான் பாக்கி.

அதிலும் இரண்டு டிக்கெட். ஏனென்றால் ஊருலகத்து விஷயமெல்லாம் கேட்டுக் குடையும் நம் அக்கா, தனியாக எங்கேயும் போகமாட்டாள். வங்கிக்குக்கூட யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போவாள். விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். கணவர் கூடவே வருவதாகப் பேச்சு. அவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். "வர்றீங்கல்ல?" என்று கேட்டதற்கு, "ம்" என்றார். அந்த 'ம்'மை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

எதிர் மாடியில் டிராவல்ஸ் நடத்தும் பெண் அவளுடைய வாடிக்கை. அவள்தான் வழி சொன்னாள். "தினமும் உட்கார்ந்து தேடிட்டு இருக்காதீங்க அக்கா. ஃபோன்ல அந்த டிக்கெட்டுக்கு ஒரு அலர்ட் போட்டு விட்டுடுங்க. விலை அசைஞ்சா அதுவே உங்களைக் கூப்பிடும்."

அக்கா போட்டாள். எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று கேட்டது. எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று யோசிக்காமல் அமுக்கினாள். அவர்களிடம் இருந்த சேமிப்புக்கு இரண்டு டிக்கெட் எட்டவில்லை. கொஞ்சம் இறங்கினால் போதும், எட்டிவிடும்.

அப்புறம் அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. தன் பயணத்துக்கு ஒரு அலர்ட் போதாதா? முந்தின நாளுக்கு ஒன்று போட்டாள், மறுநாளுக்கு ஒன்று போட்டாள். யாரோ அச்செடுத்த படத்தில் பார்த்த ஒரு தீவுக்கும் போட்டாள். அந்தத் தீவில் அவளுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, போகிற உத்தேசமும் இல்லை. அங்கே போக என்ன விலை ஆகிறது, அது ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மெஷினில் காகிதம் சிக்கியிருக்கும்போதுகூட ஃபோன் 'டிங்' என்றால் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பாள்.

புதிது புதிதாகக் காரணம் கண்டுபிடித்தாள். மாதக் கடைசியில் ஜனங்களிடம் காசு இருக்காது, அதனால் இறங்குகிறது என்றாள். அந்த மாதக் கடைசியில் ஏறியது. மழை பெய்தால் எல்லாரும் பறக்கப் பயப்படுவார்கள், அதனால் இறங்கும் என்றாள். மழை கொட்டியது, விலை அசையவில்லை. நாம் அடிக்கடி பார்ப்பதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்து, கணவரின் ஃபோனில் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். அதிலும் அதே விலைதான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் மருந்துக் கடைக்காரர் தன் மகனுக்கும், பல் மருத்துவமனை ரிசப்ஷன் பெண் தன் மாமியாருக்கும் அவளிடம் அலர்ட் போட்டு வாங்கிப் போனார்கள். இரண்டும் இறங்கின. மாமியாருக்கு நடு இருக்கைதான் கிடைத்ததாம், அதற்கும் ஜெராக்ஸ் அக்காவைத்தான் குறை சொன்னார்களாம். ஊருக்கெல்லாம் இறங்கிய விலை அவளுக்கு மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"டிக்கெட் போட்டாச்சா?" என்று சின்னவள் கேட்பாள்.

"கொஞ்சம் இறங்கட்டும்டி. இறங்குற மாதிரிதான் இருக்கு."

"நீ விலை இறங்கட்டும்னு உட்கார்ந்திருக்க. நான் என்ன, இதை உள்ளயே பிடிச்சு வச்சிருக்கணுமா?"

இருவரும் சிரித்தார்கள். அடுத்த முறையும் கேட்டாள், அப்போது சிரிக்கவில்லை. அதற்கப்புறம் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். சாப்பிட்டாயா, கடை எப்படி, மாமா நல்லாயிருக்காரா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் கேட்காமல் விட்டதில் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மற்ற எதற்கும் இதைச் சொல்கிற நான் அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பிரசவம் நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு டீச்சர் டிக்கெட் அச்செடுக்க வந்தார். அக்காவின் கண் போனது. சின்னவள் இருக்கும் அதே ஊர், அவள் பார்த்துக்கொண்டிருக்கும் அதே விமானம், அதே தேதி. விலை மட்டும் அவளுடைய அலர்ட்டில் ஓர் ஆளுக்கு விழும் விலையைவிட எங்கேயோ கீழே இருந்தது.

"இதை எப்ப வாங்கினீங்க டீச்சர்?"

"இப்பதான். வாங்கிட்டு நேரா இங்க வர்றேன்."

அக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். இரண்டு பேருக்குப் பழைய விலைதான் காட்டியது. ஏன் என்று தெரியாமல் விரல் தானாகப் போய் இரண்டை ஒன்றாக்கியது. விலை சடாரென்று விழுந்தது. திரும்ப இரண்டாக்கினாள், ஏறியது. ஒன்று, இறங்கியது. சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடும் குழந்தை மாதிரி அவள் இதையே செய்துகொண்டிருக்க, லேமினேஷனுக்கு நின்றவர் இரண்டு தடவை இருமிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு எதிர் மாடிக்கு ஓடினாள்.

டிராவல்ஸ் பெண் சிரித்தாள். "அக்கா, கடையில பழைய விலைக்கு ஒரே ஒரு சோப்புதான் மிச்சம் இருக்குன்னு வச்சுக்கோங்க. நீங்க போய் ரெண்டு சோப்பு கொடுன்னு கேட்டா, ஒண்ணைப் பழைய விலைக்கும் ஒண்ணைப் புது விலைக்கும் இந்தக் கடைக்காரன் தரமாட்டான். ரெண்டுக்கும் புது விலைதான் போடுவான். விமானத்துல சீட்டை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா விலை பிரிச்சு வச்சிருப்பாங்க. குறைஞ்ச விலையில ஒரு சீட்டு வரும், போகும். நீங்க ரெண்டுன்னு சொல்லி வச்சதால அது உங்களைக் கூப்பிடவே இல்ல."

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் இருவரும் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி!

"இப்பவும் ஒண்ணு இருக்கு போல" என்றாள் டிராவல்ஸ் பெண், திரையைப் பார்த்தபடி. "உங்க ரெண்டு பேர்ல யாரு போறீங்க?"

அக்கா படி இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

கணவர் வேலை முடிந்து வந்து, கை கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயடியிலேயே நிறுத்தி வைத்து, சோப்புக் கதை முழுவதையும் சொன்னாள். கடைசியில், "ஒண்ணை இப்பவே வாங்கிடலாம். இன்னொண்ணு இறங்குறப்ப வாங்கிக்கலாம்" என்றாள்.

"இறங்கலைன்னா?"

"இறங்கும்ங்க."

"நீ மட்டும் போயிட்டு வா" என்றார் அவர்.

"தனியாவா? என்னங்க விளையாடுறீங்களா? கூட வர்றேன்னு சொன்னீங்க."

அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து மாடி உசரத்துல தொங்குறவரு நீங்க!"

"அங்க மேல கயிறு இருக்கு. அதை நான்தான் பார்த்து மாட்டுறேன். இதுல மேல என்ன இருக்கு? எதைப் பிடிச்சுட்டு நிக்குது அது?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "விலை இறங்கலைன்னு நீ வந்து சொல்றப்பல்லாம் எனக்கு அப்பாடான்னு இருக்கும். தப்புதான். உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

அவள் அவரைத் திட்ட வாயெடுத்தாள். பிள்ளைத்தாச்சி ஒருத்தி அங்கே தனியாகக் கிடக்கிறாள், நீங்கள் கயிறைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அதே அப்பாடா தனக்கும் இருந்தது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. விலை ஏன் ஏறுகிறது என்று உலகத்தையே குடைந்தவள், அது ஏறும்போதெல்லாம் தன் மனசு ஏன் லேசாகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ஒரு சீட்டு போயிடப் போகுது" என்றார் கணவர்.

அவள் ஈரத் தரையிலேயே நின்று வாங்கினாள். சின்னவளுக்கு நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதி அனுப்பினாள். ஏர்போர்ட்டுக்கு வராதே, வீட்டு விலாசத்தை மட்டும் அனுப்பு என்றும் எழுதினாள். தனியாக வருவதை எழுதவில்லை. எழுதிவிட்டுக் கடைசியில் போகமுடியாமல் போய்விட்டால் என்ற பயம்.

விமானம் ஓட ஆரம்பித்ததும் கையிரண்டும் இருக்கையைக் கவ்விக்கொண்டன. மேலே எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போது பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் குடைச்சல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் திரும்பி, "தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க இதை என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டாள். கோட்டுப் போட்ட அந்த மனிதர் சொன்னார். இடது பக்கம் இருந்த பெண்ணும் சொன்னாள். முன்வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்துத் தன்னுடையதையும் சொன்னார். அந்தப் பகுதியில் மூன்று வரிசைக்கு யாரும் வெகுநேரம் தூங்கவில்லை. எல்லாரையும்விட அதிகம் கொடுத்திருந்த கோட்டுக்காரர் மட்டும் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வராதே என்றால் கேட்கிற பிறவியா சின்னவள்? வயிற்றைத் தள்ளிக்கொண்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். பிறகு அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாமா எங்கக்கா? பெட்டிக்கு நிக்கிறாரா?"

"மாமா வரலடி. நான் மட்டும்தான்."

"நீ மட்டும்னா?"

"தனியாத்தான் வந்தேன்."

சின்னவள் கம்பியைச் சுற்றி வந்தாள். "விலை இறங்கல, விலை இறங்கலன்னு நீ சொன்னப்பல்லாம், உனக்கு வர மனசில்லன்னு நினைச்சேன்க்கா" என்றாள்.

"மனசெல்லாம் இருந்துச்சு. பயம்டி. பயத்தைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றாள் அக்கா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஜனங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள்.

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனை எடுத்தாள். ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே யாரையோ அழைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாளாம். வலி வந்தால் கூட வருவதற்கு ஆளில்லை என்று அவரிடம் கேட்டு வைத்திருந்தாளாம்.

"ஆஸ்பத்திரிக்கு நீங்க வர வேண்டியதில்லம்மா" என்றாள் சின்னவள். "எங்க அக்கா வந்துட்டா."